சீண்டாத நொதி

கணவன்: கையை எடு. இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு.

மனைவி: நாளைக்கு மேடையேறப் போறது நான். என் சட்டையைத் தேய்க்கறது நீங்க. நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அக்கறை காட்டலையே!

கணவன்: இது நம்ம ஆராய்ச்சிக்கூடமே உக்காந்து பாக்கப் போறது... ஆமா, அந்தச் சோதனையை இன்னொரு தடவை செஞ்சு பாத்துட்டுப் பேசலாமே?

மனைவி: பொறாமையா?

கணவன்: சேச்சே. சும்மா... ஒரு பேச்சுக்கு.

மனைவி: அடினைலைல் சைக்ளேஸ்ங்கற நொதி, செல்லுக்குள்ள சேதி சொல்ற சைக்ளிக் ஏஎம்பியா செஞ்சு தள்ளும். என் மருந்தைப் போட்டதும் கப்சிப்! ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சதுக்குக் கெடச்ச பலன். இதுல என்ன இன்னொரு தடவை?

கணவன்: இல்ல... அந்த நொதி தானா அவ்வளவு செய்யாதே. ஃபோர்ஸ்கோலின்ங்கற தூண்டியை ஊத்திச் சீண்டினாத்தானே...

மனைவி: உங்களை மாதிரி. நான் சீண்டினாத்தானே பாத்திரம் கழுவறீங்க?

கணவன்: கேலி பண்ணாத. நீ காய்ச்சல்னு படுத்துட்ட. அன்னைக்கு செல் வளர்க்கற குழித்தட்டுல எல்லாத்தையும் ஊத்தினது யாரு?

மனைவி: என் ராசா, நீங்கதான். அதுக்காகப் பேச்சு முடிவுல உங்களுக்கு நன்றி சொல்லணுமா?

கணவன்: ஐயோ, சொல்லிடாத தாயே! அதாவது... உன் மருந்து போடாத குழிகள்ல ஃபோர்ஸ்கோலின் ஊத்தினது ஞாபகம் இருக்கு. மருந்து போட்ட குழிகள்லதான்...

மனைவி: ம்?

கணவன்: போன் வந்துச்சு. உங்கம்மா. காய்ச்சல் எப்படி இருக்குன்னு...

மனைவி: ஓ, பழி எங்கம்மா மேலயா?

கணவன்: சீண்டவே இல்லைன்னா நொதி சும்மாதான் கெடக்கும்! அதைப் போய் உன் மருந்துதான் அடக்கிடுச்சுன்னு எல்லார் முன்னாடியும்... ஏன் சிரிக்கற?

மனைவி: நாளைக்கு நான் பேசல.

கணவன்: என்னது?

மனைவி: ஒரு வாரமா நீங்க திருதிருன்னு முழிக்கறப்பவே சந்தேகம் வந்துச்சு. நேத்து நானே எல்லாக் குழியிலயும் ஃபோர்ஸ்கோலினை ஊத்திப் பாத்தேன். நொதி ஜோரா ஓடுது, என் மருந்தை மதிக்கவே இல்ல. நம்ம லேப் சார்கிட்டயும் சொல்லிட்டேன்.

கணவன்: அப்புறம் எதுக்கு... இவ்வளவு நேரம் என்னைத் தேய்க்க விட்ட?

மனைவி: ரெண்டு வருஷத்துல ஒரு வாரம்தாங்க ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. அதுவும் நீங்க மறந்த புண்ணியத்துல. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துக்கறேனே... காலர் பாக்கி இருக்கு, தேய்ங்க.