மாப்பிள்ளை மட்டும் இருக்கும் ஆல்பம்

பாலக்கோட்டில் பஸ் கிளம்பியதுமே எனக்கு முன் சீட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"ஏன் மாமா, எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சான்னா கேட்டாங்க?"

கேட்டவர் மடியில் கிட்டார். பக்கத்தில் புது வேட்டியில் தாய்மாமன். தருமபுரிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

"நான் பெருமையாத்தான் சொன்னேன் மாப்ள. நாலு பேரோட ராக் பேண்டுல பாடிட்டிருந்தான், இப்ப மொதமொதலா தனியா ஆல்பம் போட்டிருக்கான்னேன்."

"பாட்டு ஆல்பம்னு சொல்லலியா?"

"ஆல்பம்னா ஆல்பம்தான? கல்யாணம் ஆவாம ஏதுங்க ஆல்பம்னு பொண்ணு வூட்டுல கேட்டாங்க. அய்யோ, அதுல வேற யாரும் இல்லீங்க, இவன் மட்டுந்தான் இருக்கான்னேன்."

"அதுக்கு?"

"பொண்ணு ஓடிப்போச்சுங்களான்னாங்க."

பெண்ணும் என் பெண்ணில்லை, பையனும் என் பையனில்லை. இருந்தும் பதற்றத்தில் கம்பியை இறுகப் பிடித்தபடி, நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

"மொதல்ல அந்தப் பாட்டை அவங்களுக்கு அனுப்புங்க மாமா!"

மாமா அனுப்பினார். அவர்கள் இருவரும், பின்னாலிருந்து எட்டி நானும், அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். தருமபுரி நெருங்கும்போது அது அடித்தது. மாமா "சரிங்க, சரிங்க" என்று பேசி வைத்தார்.

"பொண்ணே பாட்டைக் கேட்டுச்சாம் மாப்ள. உன்னைப் புடிச்சிருக்காம், வரச் சொல்லுது."

"அப்பாடா!"

"பாடுறது மட்டும் இனிமே அந்த நாலு பேரோடயே சேந்து பாடச் சொல்லுது."