கேட்டால் ஓம்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகர ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மணிக்கட்டில் ஒரு நீல ரப்பர் வளையம். மூத்தவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“உது கோயில் காப்பே?”

“இல்லை அக்கா. நான் அடிபட்டு மயங்கிக் கிடந்தா, எனக்குச் செயற்கை இரத்தம் ஏத்த வேண்டாம் எண்டு எழுதிக் கிடக்கு.”

அதற்குப் பிறகு என் கண் கைபேசியில் நிற்கவில்லை.

“ஆர் உனக்கு உதை ஏத்தப் போகினம்?”

“இஞ்சை அம்புலன்ஸிலை வாற ஆக்களுக்கு அந்த இரத்தத்தை ஏத்திப் பரிசோதிச்சுப் பாக்கினம். மயங்கின ஆளிட்டைக் கேக்க ஏலாதுதானே? அதாலை விருப்பமில்லாத ஆக்கள் முன்னமே இதைப் போடவேணுமாம்.”

“அந்த இரத்தத்தாலைதான் நீ தப்புவாய் எண்டா? உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு.”

அவள் வளையத்தை ஒருமுறை சுற்றினாள்.

“உண்மையாச் சொன்னா, என்னட்டைக் கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன் அக்கா. நான் மயங்கிக் கிடக்கிறதைச் சம்மதம் எண்டு எடுக்கினம் பாருங்கோ, அதைத்தான் என்னாலை தாங்க ஏலாமக் கிடக்கு.”

மூத்தவள் பைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தாள். இறைச்சி வைத்துப் பொரித்த றோல்ஸ் மணத்தது.

“இந்தா, சாப்பிடு.”

“வேண்டாம் அக்கா.”

எங்கள் ஆட்களிடம் முதல் ‘வேண்டாம்’ ஒருவர் காதிலும் விழுவதில்லை. றோல்ஸ் அவள் கைவரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

“உண்மையாவே வேண்டாமோ?”

இளையவள் சிரித்தாள்.

“நீங்கள் கேட்டபடியாலை, ஒண்டு தாங்கோ.”