முன் வரிசைக்கு ஒரு முகம்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் எனக்குப் பின் இருக்கையில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவள் கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை தொங்கியது. சின்னவள் அவளுடைய சித்தி மகள், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை என் பிஎச்டி வைவா அக்கா. யாரு வேணும்னாலும் வந்து கேக்கலாம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அதான் பயமா இருக்கு."

"எல்லாரும் வந்துடுவாங்கன்னா?"

"யாருமே வரமாட்டாங்கன்னு."

மாதனூர் தாண்டியது.

"நீ வாயேன்க்கா. முன் வரிசையில உக்காந்தா போதும்."

"எனக்கு இன்னாடி புரியும்? நீ இன்னா படிக்கிறன்னே வீட்ல யாருக்கும் தெரியல."

"கிருமியோட ஜீனை கம்ப்யூட்டர்ல வச்சி ஆராய்ச்சி. எங்க டிபார்ட்மென்ட்ல இத பண்றது நான் ஒருத்திதான். அஞ்சு வருசமா ஸ்கிரீனைப் பாத்தே உக்காந்திருக்கேன். அன்னிக்காவது நான் பேசறப்ப தலையாட்ட ஒரு மூஞ்சி வேணும்க்கா."

"அன்னிக்கு ஷிப்மென்ட்டு. லீவு கேட்டா சூப்பர்வைசர் பேஜார் பண்ணுவான்."

"சரிக்கா."

பள்ளிகொண்டாவில் அக்கா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் மெல்லிய குரல் கேட்டது. முதலில் வணக்கம், பிறகு ஆராய்ச்சியின் தலைப்பு. ஒத்திகை பார்க்கிறாள். அவளுக்கு எதிரே இருந்தது என்னுடைய வழுக்கைப் பின்மண்டை ஒன்றுதான்.

கிருமியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும் என்பதுதான். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல், அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் தலையை ஆட்டினேன். பேருந்தின் குலுக்கல் என்று நினைத்திருப்பாள்.