ஆடு பேசாத நாற்பது நிமிடம்

ஆடுகள் மீது எனக்கு எந்த விரோதமும் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. உங்கள் ஒலிப்பதிவுக் கருவியைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். தேநீரில் செர்ரி ஜாம் போட்டிருக்கிறேன். பழைய தண்டனைகளை மறுபடி ஆராயும் குழுவிலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

1951-இல், வோல்கா கரையிலிருக்கும் இந்த ஊரின் தணிக்கை அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். பொம்மலாட்டமும் சர்க்கஸும் என் பொறுப்பு. ஓபராவுக்கு வேறு ஆள். அவருக்குக் கார் உண்டு.

திமொஃபேய் குபாரெவ் பொம்மலாட்டக்காரன். பள்ளியில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. அந்த வருடம் குழந்தைகளுக்காக ஒரு நாடகம் எழுதிக் கொண்டுவந்தான். தோட்டத்துக்குக் காவல் வைத்த ஆடே முட்டைக்கோஸைத் தின்றுவிடுகிறது. அவ்வளவுதான் கதை. நடுவில் காரணமே இல்லாமல் ஒரு குடிகாரக் காக்கை வந்து போகும்.

"திமோஷா, இந்தக் காக்கை எதுக்கு?"

"உனக்குத்தான்டா. நீ அதை வெட்டிட்டுத் திருப்தியாப் போவே, மிச்சத்தை விட்டுடுவேன்னு பார்த்தேன்."

அந்தக் காலத்தில் எல்லா எழுத்தாளர்களும் இப்படி எங்களுக்காக ஒரு காக்கை வளர்த்தார்கள். நான் காக்கையை வெட்டினேன். பிறகு மிச்சத்தையும் படித்தேன்.

முட்டைக்கோஸுக்கு அந்த வாரம் கடைவீதியில் பெரிய வரிசை. அதனால் முட்டைக்கோஸ் போனது. எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கிய பெரிய மனிதர்களில் இருவர் தாடிக்காரர்கள். ஆகவே ஆட்டுக்குச் சவரம் செய்யச் சொன்னேன். ஓநாய் இடதுபக்கத்திலிருந்து வந்தது. இடதுபக்கத்திலிருந்து நமக்குத் தீமை வரலாமா? வலதுபக்கத்திலிருந்து வரட்டும் என்றேன். அப்புறம்தான் தோன்றியது, நம் எல்லைக் காவலை மீறி ஓநாய் எப்படி உள்ளே நுழைந்தது? ஓநாயும் போனது. "எனக்குப் பசிக்குது" என்ற வசனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நீலப் பென்சிலைக் கீழே வைத்தபோது ஓர் ஆடும் ஒரு வேலியும் மீதமிருந்தன. நாற்பது நிமிடம் என்பது மட்டும் மாஸ்கோவின் திட்டத்தில் இருந்தது. அதைக் குறைக்க எனக்கு அதிகாரமில்லை.

"ஆடு இனிமே என்னடா பண்ணும், வேன்யா?"

"நிக்கட்டும்."

"நாப்பது நிமிஷமா?"

"நம்பிக்கையோட நிக்கட்டும்."

"உனக்குப் புண்ணியமாப் போகும், அந்த வேலியையாவது விட்டு வை."

வேலியில் எனக்கு ஆட்சேபமே இருக்கவில்லை.

அரங்கேற்றத்துக்கு முன்பு ஒப்புதல் குழுவுக்குப் போட்டுக் காட்டுவது முறை. ஏழு பேர், பதவி வரிசைப்படி முன்வரிசையில். தலைவி கிளாவ்தியா நிக்கனோரவ்னா சிரிக்கும்வரை யாரும் சிரிப்பதில்லை. அவர் சிரித்த பிறகு யாரும் தாமதிப்பதில்லை. பன்னிரண்டு வருடம் நான் இந்த ஒழுங்கை மீறியதே கிடையாது.

திரை விலகியது. சவரம் செய்த ஆடு வந்து நின்றது. வெட்டப்பட்ட ஓநாய் வரவேண்டிய பக்கம் பார்த்தது. வெட்டப்பட்ட முட்டைக்கோஸ் இருக்கவேண்டிய பக்கம் பார்த்தது. பிறகு முன்வரிசையிலிருந்த எங்கள் ஏழு பேரையும், பதவி வரிசைப்படி, ஒவ்வொருவராகப் பார்த்தது.

பதினோராவது நிமிடம் நான் சிரித்துவிட்டேன்.

சின்னச் சிரிப்பில்லை. கண்ணில் தண்ணீர் வர, நாற்காலி ஆட, ரயில் என்ஜின் மாதிரிச் சிரித்தேன். மற்ற ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோழர் சுகோத்தின், என்ன வேடிக்கைன்னு எங்களுக்கும் சொல்லுங்களேன். நாங்களும் சிரிப்போம்," என்றார் தலைவி.

திரைக்குப் பின்னாலிருந்து குபாரெவின் குரல் வந்தது: "சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணல, வேன்யா."

உண்மைதான். மேடையில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துத்தான் நான் சிரித்திருந்தேன். மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்கள்.

நீங்களே சொல்லுங்கள். அந்த மௌனம் என் பென்சிலில் பிறந்தது என்று எழுதினால், நம் வாழ்க்கையைக் கேலி செய்தவன் நான். அப்போதுதான் எங்களுக்கு ஆற்றைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். என் மனைவி லிதா திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாள்.

இரண்டு பக்கம் எழுதினேன். ஆடு எந்த நிமிடம் எந்தப் பக்கம் பார்த்தது என்பதெல்லாம் அதில் உண்டு. வெட்டப்படும் என்று தெரிந்தே குபாரெவ் அந்த வசனங்களை எழுதினான், மிஞ்சும் மௌனத்தால் அரசைக் கேலி செய்வதே அவன் திட்டம், அதை அம்பலப்படுத்தவே நான் சிரித்தேன் என்று முடித்திருந்தேன். நல்ல நடை. தலைவியே பாராட்டினார்.

பிறகு எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரித்தார்கள்.

"இவன்தாங்க வெட்டினான்," என்றான் குபாரெவ். "நீலப் பென்சில் போட்ட பிரதி இவன்கிட்டதான் இருக்கு. வாங்கிப் பாருங்க. டேய் வேன்யா, சொல்லுடா."

பிரதி தொலைந்துவிட்டது என்றேன். அந்த மௌனத்தின் ஒவ்வொரு நொடியும் தோழர் குபாரெவுடையது என்றும் சொன்னேன். அவன் இடதுபக்கம் பார்த்தான், வலதுபக்கம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன். அந்தத் தடவை சிரிக்கவில்லை.

பத்து வருடம் கொடுத்தார்கள். வடக்கே, வோர்க்குத்தா கைதி முகாமின் நிலக்கரிச் சுரங்கம். மூன்றாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கடைசியில் தாடி வளர்த்திருந்தானாம்.

இப்போது காலம் மாறிவிட்டது. வழக்குக் கோப்பில் கிடந்த என் இரண்டு பக்கத்தை வைத்தே அந்த நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வரிசை. சரியாகப் பதினோராவது நிமிடம் அரங்கமே சிரித்தது. மாஸ்கோ விமர்சகர் ஒருவர், அச்சம் என்றால் என்னவென்று இதைவிடத் துணிச்சலாக எவரும் காட்டியதில்லை என்று எழுதியிருக்கிறார். சுவரொட்டியில் மட்டும் ஒரு தவறு இருக்கிறது. 'ஆக்கம்: திமொஃபேய் குபாரெவ்' என்று போட்டிருக்கிறார்கள்.

அதற்காகத்தான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன், அம்மா. அந்த மௌனம் என்னுடையது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை. குபாரெவுக்கு அதில் கடுகளவும் பங்கில்லை. இதோ அந்தப் பிரதி, நீலப் பென்சில் இன்னும் மங்கவில்லை. இவ்வளவு நன்றாகச் செய்த வேலையைத் தொலைக்க யாருக்கு மனம் வரும்? முப்பத்தெட்டு வருடமாக லிதாவின் திரைச்சீலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அவன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. நண்பன்தானே. பக்கத்தில் என் பெயரும் சின்ன எழுத்தில் இருந்தால் போதும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?