முந்தைய ஆளின் எண்

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிறவர் அவசரப்பட வேண்டாம். நான் வேகமாகப் பேசுகிறேன் என்று எல்லோரும் குறை சொல்வார்கள், அதனால் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். நடுவில் கணினிச் சமாச்சாரம் கொஞ்சம் வரும். என் அம்மாவுக்கே புரிகிற மாதிரி என்னால் சொல்ல முடியும். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான்.

எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். ஊர் முழுக்க இரத்தப் பரிசோதனை நிலையங்கள் வைத்திருக்கிறவர்கள். இயந்திரம் மாலையில் அன்றைய எண்களையெல்லாம் ஒரு கோப்பாக்கித் தரும். வரிக்கு ஒரு ஆள். நிலையத்தில் இருக்கிற பெண் அதை எங்கள் இணையப் பக்கத்தில் ஏற்றுவாள். எங்கள் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு எழுதி வைத்த கட்டளை, அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்து டேட்டாபேஸ் என்கிற பெரிய பதிவேட்டில் போடும். அங்கிருந்து அவரவர் போனுக்கு ரிப்போர்ட் போகும். இவ்வளவுதான் வேலை.

அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் எங்கள் குழுத் தலைவர். அலுவலகத்தில் அவருக்கு வாத்தியார் என்று பேர். எதைக் கேட்டாலும் பலகைக்குப் போய்ப் படம் போட்டு விளக்குவார். விளக்கி முடிக்கும்போது கேட்டவர் முட்டாளாகியிருப்பார். ஸ்கிரிப்டின் முதல் வரியில் தன் பெயரைப் போட்டு வைத்திருந்தார், வீட்டு வாசலில் பலகை மாட்டுகிற மாதிரி.

பெரிய கோப்பாக வந்தால் பக்கம் உறைந்துவிடுகிறது, பார் என்று என்னிடம் கொடுத்தார்கள். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது அதைத் திரையில் காட்டச் சொல்லிவிட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தேன். அப்போது கண்ணில் பட்டது. அடுத்தடுத்து இரண்டு பேருக்குச் சர்க்கரை நூற்று நான்கு. தற்செயலாக இருக்கலாம் என்று விட்டேன். கொஞ்சம் கீழே இன்னொரு ஜோடி. அதன் பிறகு மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஜோடியில் முதல் ஆளுக்கு எண் சரி. இரண்டாவது ஆளுக்கு எண்ணே இல்லை. அறுநூறுக்கு மேல் என்று ஒரு குறி இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நிலையங்களுக்குப் புது இயந்திரம் வந்திருந்தது. அதனால் அறுநூறு வரைதான் அளக்க முடியும். அதைத் தாண்டினால் எண் போடாது, குறி போடும். ஸ்கிரிப்டுக்கோ எண்ணைத் தவிர வேறெதுவும் படிக்கத் தெரியாது. படிக்க முடியாமல் நின்றிருந்தாலாவது யாராவது கவனித்திருப்பார்கள். அது நிற்கவில்லை. கையில் மிச்சமிருந்த முந்தைய ஆளின் எண்ணை இந்த ஆளின் பெயரில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. வரிக்கு வரி கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று வாத்தியார் அதற்குச் சொல்லித் தரவில்லை. கடைசியில் கோப்பில் எத்தனை வரி, உள்ளே போனது எத்தனை என்று எண்ணிப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு. இரண்டு மாதமாகப் பச்சைதான்.

அதாவது சார், யாருக்கு உடம்பு மிக மோசமாக இருக்கிறதோ, அவருக்கு மட்டும்தான் தப்பான ரிப்போர்ட் போனது. மற்ற எல்லோருக்கும் சரியாகப் போனது.

நான் உடனே போய்ச் சொன்னேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாத்தியாரின் மேசைக்கு முன்னால் நின்று, நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் மெதுவா ஓடுதுன்னுதான உன்ன பாக்கச் சொன்னேன். அத பாத்தாச்சா?"

"பாத்துட்டேன் சார். ஆனா இது வேற. நோயாளிங்க ரிப்போர்ட் தப்பா போகுது."

"பச்சை வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்ன. உங்க வீட்ல ஆபீஸ் உத்தியோகம் பாத்தவங்க யாரும் இல்லல்ல? அதான். எத எங்க பேசணும்னு போகப் போக வரும். போ, கொடுத்த வேலைய முடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. என் இடத்துக்கு வந்து, பக்கம் உறைகிற கோளாறைச் சரிசெய்து, அதை மட்டும் ஒப்படைத்தேன். மற்றதைத் திருத்த ஒரே ஒரு வரி போதும். எழுதியும் பார்த்தேன், சரியாக ஓடியது. பிறகு அந்த வரியை அழித்தேன்.

காரணம் கேட்கிறீர்கள். நான் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் அவர் நல்லவராகவே இருப்பார். அதற்கு முன்னால் மூன்று தடவை அப்படி நடந்தது. நான் கண்டுபிடிப்பேன், அவர் பலகையில் படம் போட்டு மேலிடத்துக்கு விளக்குவார். இந்தத் தடவை அது தானாக வெடிக்கட்டும், வெடிக்கும்போது மேலே அவர் பெயர் இருக்கட்டும் என்று நினைத்தேன். கண்டுபிடித்தது யார் என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்று மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கோளாறு என்ன, எந்த இடத்தில், எப்படித் திருத்துவது, எல்லாம் தெளிவாக. எழுதி, அனுப்பாமல் வைத்தேன். அதில் தேதி இருக்கும். உங்கள் மேசையில் இருக்கும் தாள் அதுதான்.

தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் மூலக் கோப்பையும் டேட்டாபேஸையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். நாளுக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று. வயது தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியும், போன் நம்பரும் தெரியும். நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு யார் என்று சொல்வது? அம்மாவுக்கு அந்த வாரம் பரிசோதனை இருந்தது. அவளை வேறு கம்பெனியின் நிலையத்துக்கு அனுப்பினேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா. அந்த அலுவலகத்தில் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அம்மாவும் அதே வேலைதான் செய்தாள், வேறு கட்டடத்தில். அதை நான் அக்காவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. கோளாறைக் கண்டுபிடித்ததிலிருந்து பதினோராவது நாள் காலை, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா போனை நீட்டினாள்.

"பாப்பா, இத கொஞ்சம் பாரேன். எங்க வீட்டுக்காரருக்கு எடுத்தது. மனுசன் குடம் குடமா தண்ணி குடிக்கிறாரு, போன ஜென்மத்துல ஒட்டகமா இருந்திருப்பாரு போல. ஒரேடியா சோர்வு வேற. சர்க்கரையா இருக்குமோன்னு பயந்து எடுத்தோம். தொண்ணூத்தெட்டுன்னு வந்திருக்கு. நல்லதா, கெட்டதா?"

"இருங்கக்கா, பாத்துட்டு வரேன்."

என் இடத்துக்குப் போய் முந்தைய நாளின் கோப்பைத் திறந்தேன். தொண்ணூற்றெட்டு அவருக்கு முந்தைய வரியில் இருந்த ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. அவர் வரியில் குறி இருந்தது. கோப்பை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"நல்லா இருக்குக்கா. ஒண்ணும் இல்ல."

"அப்போ ஏன் இப்படித் தாகம்?"

"வெயிலா இருக்கும்."

"குளுக்கோஸ் தண்ணி கரைச்சுக் கொடுக்கட்டுமா? தெம்பா இருக்கும்ல."

"கொடுங்கக்கா."

நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம், நான் சொல்லி முடித்துவிடுகிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா அழுதுகொண்டே வாத்தியாரிடம் ஓடியிருப்பாள். ஒரே ஒரு ஆளின் ரிப்போர்ட் தவறிவிட்டது என்று சின்ன விஷயமாக முடிந்திருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அவர் அந்த ஒரு வரியைப் போட்டிருப்பார். நான் ஒப்பிடத் தொடங்கியதிலிருந்து அதுவரை இருபத்தைந்து பேருக்குத் தவறியிருந்தது. ஒருவருக்காக அத்தனை பேரின் நியாயத்தையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதினோரு நாளாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டிருப்பாள் என்பதும் உண்டு. அது சின்னக் காரணம்தான்.

பதினைந்தாவது நாள் அக்கா வரவில்லை. வீட்டுக்காரர் நினைவு தப்பி விழுந்ததாகவும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாகவும் காவலாளி சொன்னார். அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றோம். வாத்தியார்தான் நிற்கச் சொன்னார்.

பத்தொன்பதாவது நாள், ரிப்போர்ட்டில் இருக்கிற எண் தப்பு என்று ஒரு டாக்டர் போன் செய்து கத்தியபிறகு எல்லாம் வெளியே வந்தது. நான் நினைத்த மாதிரி வரவில்லை. முதல் வரியில் இருக்கும் பெயரை யாரும் பார்க்கவில்லை. கடைசியாகக் கைவைத்தது யார் என்று பார்த்தார்கள். பக்கம் உறைவதைச் சரிசெய்தவள் நான், அதனால் என் பெயர் வந்தது. "நாலு வருஷமா நல்லா ஓடிட்டு இருந்துச்சு, இந்தப் பொண்ணு தொட்டப்புறம்தான்" என்று வாத்தியார் பலகையில் படம் போட்டே விளக்கினார். எனக்கு வேறு வழியில்லை. கோளாறு எனக்கு முந்தையது என்று காட்ட அந்த மின்னஞ்சலை நானேதான் திறந்து காட்டினேன். மேலாளர் படித்தார். தேதியைப் பார்த்தார். பிறகு அந்த அறையில் ஒருவரும் வாத்தியாரைப் பற்றிப் பேசவில்லை.

அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். தவறான ரிப்போர்ட் வாங்கியவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கம்பெனி விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டாம் என்று வக்கீல் சொன்னாராம். என்னை உள்ளே வைத்தாலும் இது மாறப்போவதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் செய்தது இதுதான். எனக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது நாள், நாற்பத்து நான்கு பேர். அக்காவின் வீட்டுக்காரர் விஷயத்தில் கோப்பைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பியதற்கு முந்தைய நாள் அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் மேசையைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லன்னு நீ சொன்னத நான் போய்ச் சொன்னதும் அவரு முகத்த நீ பாத்திருக்கணும் பாப்பா. கடைசி நாலு நாளும் பயமில்லாம இருந்துட்டுப் போனாரு" என்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்த நாலு நாளை அவருக்குக் கொடுத்தது நான்தான்.