கேஸ் ஹீட்டரும் ஜன்னலும்

ரியாத்தில் ஜனவரிக் காலை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரே ரூம்காரர்கள் இருவர்.

“ராத்திரி குளிருல என்னைக் கொல்லப் பாத்தியேடா மாப்ளே! கேஸ் ஹீட்டரை ஏன் அணைச்சே?”

“ஜன்னல் சந்துல துணியை அடைச்சது யாரு?”

“குளிருதுன்னு நான்தான் அடைச்சேன்.”

“மூடுன ரூம்ல ஹீட்டர் எரிஞ்சா காத்தே விஷமாயிடும் மச்சான். குளிரடிச்சா முழிச்சுக்குவே. அந்த விஷக் காத்துல முழிக்கவே மாட்டே. அதான் அணைச்சுட்டு ஜன்னலைத் தொறந்துவிட்டேன்.”

“என் மேல ரெண்டு கம்பளி கெடந்துச்சே?”

“ஒண்ணு என்னுது.”

“அப்ப நீ எதைப் போத்துனே?”

“யூனிபார்ம் மேல யூனிபார்ம் போட்டுக்கிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தும்மினார். திட்டியவர் எழுந்து, அவர் பக்கம் திறந்திருந்த பஸ் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

“இங்கதான் ஹீட்டர் எரியலையே, மூடலாம்ல?”