சுவிட்ச் ரூம் சாவிக்காரி

“நீங்களே சொல்லுங்கண்ணே, இவ்ளோ பெரிய இரும்பு அலமாரி நாலு தூறல் போட்டதுக்கே படுத்துக்கலாமா?”

ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன் கையுறையை மாட்டிக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை. அது போதாதா அவளுக்கு! தையல் ஆலையைப் பெருக்கித் துடைப்பவள். சுவிட்ச் ரூம் சாவியும் அவள் இடுப்பில்தான்.

“மூணாவது தடவைண்ணே! கோடை மழை பெஞ்ச மறுநாள் டப்புன்னு ஒரு சத்தம். இருநூறு மெஷினும் கப்சிப். பதினோராயிரம் வோல்ட்டு இதுக்குள்ள வந்துதான் டிரான்ஸ்பார்மருக்குப் போகுதாம், கோளாறுன்னா இது படக்குன்னு வெட்டிவிட்டுடுமாம். காவக்காரன்தான், ஒத்துக்கறேன். அதுக்காக சும்மா சும்மா வெட்டுனா? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்... பால் பொங்கறதுக்கு முன்னாடியே அடுப்ப அணைச்சுட்டு, காப்பாத்திட்டேன்பாரு!

“மேனேஜர் என்னங்கறாரு தெரியுமா? இன்னிக்குள்ள காரணம் தெரியலைன்னா சாவிய வேற ஆளுக்குக் குடுத்துட்டு, மத்தியான ஷிப்டுக்குப் போங்கறாரு. அப்புறம் மூணு மணிக்கு என் பொண்ண காப்பகத்துலேர்ந்து யாரு கூட்டிட்டு வர்றது? ரெண்டு வயசுண்ணே... என்னைத் தவிர யார்கிட்டயும் போகமாட்டா.”

அவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கைகாட்டினார். மின்சாரம் இல்லையென்று இரண்டு முறை சோதித்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்தகடெங்கும் முத்து முத்தாக நீர்.

“அட, இதுக்கும் வேர்க்குமா!”

அவர் அடியிலிருந்த சின்ன ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. பக்கத்து சுவிட்சைப் பார்த்தார்.

“அதுவா? நான்தாண்ணே அணைச்சேன். வெயில் கொளுத்துது, உள்ள இது வேற ராப்பகலா சூடு. அலமாரிக்குக் குளிர் காய ஒரு ஹீட்டரா? வீணா ஒரு பல்பு எரிஞ்சாலே எனக்குத் தூக்கம் வராது... அதான், வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து...”

நீரைப் பார்த்தாள். ஹீட்டரைப் பார்த்தாள். அவர் துணியால் தகட்டைத் துடைத்தார்.

“ஐயையோ! ஈரம் சேரக்கூடாதுன்னுதான் அது எரிஞ்சுதா? அப்போ ஈரத்துல கரண்டு கசிஞ்சுதான் இது வெட்டுச்சா, வெட்டுனது சரிதானா? பாவம்ணே, மூணு தடவையும் இதையே திட்டித் தீர்த்துட்டேனே!”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வராந்தாவில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு அடங்கியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நானே சொல்லிடறேண்ணே. காரணம்தானே கேட்டாரு, காரணம் நான்தான்... ஆனா ஒண்ணு, நடுவுல என் பேச்சு வேற எங்கயாவது ஓடிடுச்சுன்னா, லேசா ஒரு தடவை இருமிடுங்கண்ணே.”